"தூக்கு, தூக்கு" என்று அவசரப்படுத்தும் எங்கள் வடாற்காட்டு மக்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டாலும் எனக்கு இன்னும் எல்லாம் ஒரே ஊர்தான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். வண்டி ஓட்டுபவன் இல்லை. பின்னால், நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன். மருத்துவ உதவியாளர், ஈ.எம்.டி., பாராமெடிக் என்று பல பெயர் சொல்கிறார்கள், நீங்கள் பெரும்பாலும் "ஆம்புலன்ஸ்காரன்" என்கிறீர்கள். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் நீங்கள் வைத்திருக்கும் எண்ணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணத்தால் உயிர் போகிறது.

போன மாதம் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. இரவு பதினொன்றரை இருக்கும். ஐம்பது வயதுக்காரர் கூடத்தில் தரையில் கிடக்கிறார், பனியன் மொத்தமும் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருகிறது. வீடு முழுக்க ஆட்கள். ஹார்ட் அட்டாக் என்று முடிவே செய்துவிட்டார்கள். நான் பக்கத்தில் மண்டியிட்டு, தாடையைத் தூக்கி மூச்சுப் பாதையைச் சரி செய்து, விரலில் குத்தி சர்க்கரை பார்க்கப் போனேன். பின்னாலிருந்து அவருடைய மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். "இன்னாயா உக்காந்துகினு கீற? தூக்குயா மொதல்ல! ஆஸ்பத்திரில பாத்துப்பாங்கோ!"

கருவி 34 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. இரவு சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஏதோ கோபத்தில் சாப்பிடாமல் படுத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். போனில் டாக்டரிடம் சொல்லி, நரம்பு பிடித்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை, அதாவது சர்க்கரைத் திரவத்தை, மெதுவாக ஏற்றினேன். நரம்பு இரண்டாவது முறைதான் கிடைத்தது, வியர்வையில் பிளாஸ்திரி ஒட்டவே இல்லை, என் முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "ஏன் எல்லா லைட்டையும் போட்டு வச்சிருக்கீங்க?" என்று மனைவியைக் கேட்டார். அப்புறமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், மாத்திரையின் வேலை முடியாமல் சர்க்கரை திரும்ப இறங்கும் என்பதால். அந்த மச்சான் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னபடி தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால், அந்த நேரத்து ரோட்டில் கூட இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் கிடந்திருப்பார். நான் கேட்பது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். உங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி வந்ததும் வைத்தியம் ஆரம்பித்துவிடுகிறது. நாங்கள் உட்கார்ந்தால் சும்மா உட்காரவில்லை.

மச்சான் மேல் எனக்குக் கோபம் வராததற்குக் காரணம், ஒரு காலத்தில் நானும் அதே இடத்தில் நின்று அதையே கத்தினவன்.

எனக்கு அப்போது நாற்பது வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர், பதினெட்டு வருட சர்வீஸ். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் லுங்கித் தறி போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வாசல் திண்ணையில் சாய்ந்தார், சாய்ந்தவர் கை காலை இழுத்தார். வலிப்பு என்று நினைத்தோம். அண்ணி ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார், யாரோ சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார்கள். இழுப்பு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார், நிமிடத்துக்கு நாலைந்து தடவை. "மூச்சு கீது, மூச்சு கீது, தூக்குங்க!" என்று கத்தியது நான்தான். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் மடியில் உட்கார்த்தி வைத்து, தலை சாயாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வகுப்பறையில் வைத்துத்தான் எனக்கு அது புரிந்தது. இதயம் திடீரென்று நிற்கும்போது சிலருக்குக் கை கால் இழுக்கும், பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். அப்புறம் வருகிற அந்த வாய் மூச்சு உண்மையான மூச்சே இல்லை. உடம்பு கடைசியாகச் செய்கிற வேலை அது. அந்த நேரத்தில் தரையில் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கிறது. பொம்மையின் நெஞ்சில் முதல் முறையாக அழுத்தினேன். ஆழம் சரியாக இருந்தால் அதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக் சத்தம் கேட்டதும் என்னால் அதற்கு மேல் அழுத்த முடியவில்லை. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். என் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆட்டோவில் பதினைந்து நிமிடம் என் இரண்டு கையும் அவர் தலையைத்தான் பிடித்திருந்தன. நெஞ்சில் இருந்திருக்க வேண்டிய கைகள் அவை.

சரி, நாற்பது தாண்டியவன் எப்படி வகுப்பறைக்குப் போனான் என்று கேட்பீர்கள். கொரோனா வந்தது, ஏற்றுமதி ஆர்டர் படுத்தது, கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். கையில் வந்த பணத்தில் கடை வைக்கலாம் என்று மாமனார் சொன்னார். நான் ஒரு வருட அவசர சிகிச்சைப் படிப்பில் சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. "அவங்கவங்க புள்ளைய படிக்க வைக்கிற வயசுல நீங்க படிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. மூன்றாவது நாள் அவளே வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினேன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகன் ராத்திரியில் எலும்புப் பெயரெல்லாம் கேட்டு ஒப்பிக்க வைப்பான். கம்பெனியில் இருபத்து நாலாயிரம் வாங்கினேன், இங்கே பதினேழாயிரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மனைவி ஜாக்கெட் தைத்து மீதியைச் சமாளிக்கிறாள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மற்றவர் பார்க்கிற பார்வை. போன வருடம் கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் "ஷூ கம்பெனில சூப்பர்வைசர்" என்றே அறிமுகம் செய்தார், நான் வேலையை விட்டது அவருக்கு நன்றாகவே தெரியும். முன்பு குடியிருந்த வீட்டில், மொட்டை மாடியில் யூனிஃபார்ம் காயப்போட்டதற்கு வீட்டுக்கார அம்மா வந்து, "விடியக்காலைல அத பாத்தா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது தம்பி, உள்ளயே காயப்போட்டுக்கோ" என்றார். நல்ல அம்மாதான், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். சாவு வண்டி என்ற நினைப்பு அப்படி ஊறிப்போயிருக்கிறது. இறந்தவர்களைக் கொண்டுபோக அரசு அமரர் ஊர்தி தனியாக, இலவசமாக ஓடுகிறது, 155377 என்ற எண்ணில் கூப்பிட வேண்டும். எங்கள் வண்டி உயிரோடு இருப்பவர்களுக்கு. தெருவில் எங்கள் வண்டி நின்றால், அந்த வீட்டில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, டிரைவர் வேறு நான் வேறு என்று மேலே சொன்னதை டிரைவர் மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைப் பைலட் என்றுதான் கூப்பிடுவோம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் சாயங்காலம் ஆறு மணிக்கு, பின்னால் நான் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கும்போது என்னைக் கீழே தள்ளாமல் வண்டியைக் கொண்டுபோகிறவர் அவர். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008-ல். அதற்கு முன் நம் ஊரில் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரு வேன், ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு டிரைவர். அந்தக் காலத்து நினைப்பு இன்னும் போகவில்லை. பாராமெடிக்கல் என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் வேலைக்கென்று மக்கள் வாயில் ஒரு சொல் கூட இல்லை. 2021-ல் நாடாளுமன்றத்தில் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோதுதான் அதன் பட்டியலில் அவசர மருத்துவப் பணியும் ஒரு தொழிலாக எழுத்தில் ஏறியது. சட்டத்தில் ஏறிவிட்டது, ஊர் வாயில்தான் இன்னும் ஏறவில்லை.

படிக்கும்போது எங்கள் வாத்தியார் ஒரு கதை சொன்னார், நடந்த கதை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே அந்தக் காலத்தில் நோயாளியைப் பெரும்பாலும் போலீஸ் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள், வழியில் வைத்தியம் என்று ஒன்றும் கிடையாது. பீட்டர் சஃபார் என்ற டாக்டர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் ஒருவர், 1966-ல் தன் மகளையே ஆஸ்துமாவில் பறிகொடுத்தார். அடுத்த வருடம் ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் ஆம்புலன்ஸ் சேவை அங்கே தொடங்கியபோது அதற்கு ஆட்களைப் பயிற்றுவித்தார். யாரை? அந்த ஊரின் கறுப்பினத்துக் குடியிருப்பில் வேலையில்லாமல் இருந்தவர்களை, மற்றவர்கள் உதவாக்கரை என்று ஒதுக்கி வைத்தவர்களை. அமெரிக்காவில் இந்தத் தொழிலை இந்த அளவுக்குப் பயிற்சியோடு செய்து காட்டிய முதல் கூட்டங்களில் அவர்களும் உண்டு. 1975-ல் நகராட்சி தன் சொந்த சேவையைத் தொடங்கி அதை மூடிவிட்டது. அந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் வகுப்பில் இருப்பதற்கு எனக்கும் இடம் உண்டு என்று தோன்றியது. என் பெஞ்சில் என்னைத் தவிர எல்லாரும் இருபது இருபத்திரண்டு.

இங்கேதான் உங்களில் நாற்பதைத் தொட்டவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அரசு 108-க்கான ஆள் எடுப்பு விளம்பரத்தில் மருத்துவ உதவியாளருக்கு வயது முப்பதுக்குள் என்றும், ஓட்டுநருக்கு முப்பத்தைந்துக்குள் என்றும் போடுகிறார்கள். நான் இருப்பது 108 இல்லை, வேறு ஆம்புலன்ஸ். ஓடுவது, தூக்குவது, மாடி ஏறுவது எல்லாம் இருப்பதால் வைத்திருப்பார்கள், புரிகிறது. எனக்கும் முட்டி வலிக்கிறது, மூன்றாவது மாடியிலிருந்து தொண்ணூறு கிலோ ஆளை இறக்கிய மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆனால் உடல் தகுதித் தேர்வு வைத்து எடுத்தால் போதாதா, வயதைக் கொண்டு கதவைச் சாத்த வேண்டுமா என்று மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நீங்களும் என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த வேலையில் பாதி வைத்தியம், மீதிப் பாதி மனிதர்கள். என்னோடு டூட்டியில் இருக்கும் தம்பிக்கு இருபத்து மூன்று வயது. கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிப்பான், எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஆனால் காட்பாடியில் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சண்டை போட்டபோது அவனுக்குக் கை ஓடவில்லை. அறுபது பெண்கள் வேலை செய்யும் லைனை, ஷிப்மென்ட் நாள் நெருக்கடியில் வருடக்கணக்காக நடத்தியவன் நான். மாமியாரை மாத்திரை டப்பா எடுத்துவர அனுப்பினேன், மருமகளிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன், சண்டை நின்றுவிட்டது. அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. பிள்ளை வளர்த்து, அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் காவல் கிடந்து, கடன் வாங்கிக் கட்டி, ஒரு சாவைப் பார்த்து வந்தவருக்கு நடுராத்திரியில் பயந்து நிற்கும் குடும்பத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும்.

ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒற்றைக் கட்டில் வைத்து வைத்தியம் ஆரம்பித்து, அது சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த ஊர் இது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். இவ்வளவு பெரிய டாக்டர்கள் இருக்கும் ஊர் என்பதாலேயே, டாக்டர் இல்லாத இடத்தில் நடப்பது வைத்தியமே இல்லை என்று நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டதோ என்று நினைக்கிறேன். ஆனால் ஊருக்கு வெளியே போனால் நிலைமை வேறு. அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ரோடு இல்லாததால் வண்டி பாதியிலேயே நிற்க, உடலை அந்தத் தாய் சுமந்துகொண்டு மலை ஏறியதைப் பேப்பரில் பார்த்தோம். மலைக்கு ரோடு வேண்டும், அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு மலை ஊரிலும் பயிற்சி பெற்ற, அந்த ஊர்க்காரரான ஓர் ஆண், ஒரு பெண் இருந்தால் என்ன? அவர்களுக்கு நாற்பது வயது இருந்தால்தான் என்ன? பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்கிக் கட்டாமல், கீறி விடாமல், அசைக்காமல் வைத்துச் சீக்கிரம் மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிற கை அங்கேயே இருக்கும்.

பெங்களூர் ஹைவேயில் நடப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு பைக் விபத்து. நாங்கள் போவதற்குள் நாலு பேர் சேர்ந்து அந்தப் பையனின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றி, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, டிவைடரில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் கழுத்தெலும்பு விட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பில் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். ரத்தம் கொட்டினால் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், மூச்சு நின்றுபோனால் நெஞ்சை அழுத்துங்கள், மற்றபடி தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருங்கள். போலீஸ் கேஸ் என்று பயப்பட வேண்டாம், உதவி செய்பவரைப் பாதுகாக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134-ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. பணத்துக்கும் பயப்பட வேண்டாம், 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இனி உங்களிடம் நேராகக் கேட்பது. எங்கள் வண்டிக்குப் போன் செய்தால், ஒருவர் தெருமுனைக்கு வந்து நின்று கையைக் காட்டுங்கள், சந்துக்குள் வீடு தேடியே மூன்று நிமிடம் போய்விடுகிறது. வாசல் லைட்டைப் போட்டு, வழியில் நிற்கும் பைக்கை எடுத்துவிடுங்கள். நோயாளி சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்று தெரிந்த ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். நான் கீழே உட்கார்ந்து நாடி பார்த்தால், கருவியை மாட்டினால், ஐந்து நிமிடம் என்னை விடுங்கள். தூக்க வேண்டிய நேரத்தில் நானே சொல்வேன், அப்போது நாலு கை வேண்டும்.

நாற்பது வயதில் இந்த வேலைக்கு வர நினைக்கிறவர், அவர் ஆம்பூரில் லெதர் கம்பெனியில் இருந்தாலும் சரி, வாலாஜாவில் கடை வைத்திருந்தாலும் சரி, படிப்பில் சேருமுன் ஒரு ராத்திரி எங்களோடு வந்து உட்கார்ந்து பாருங்கள். டீ வாங்கித் தருகிறேன், நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன். மாடியில் யூனிஃபார்ம் காயப்போடக் கூடாது என்ற அந்த அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் இருக்கிறது. என் நம்பரை அவர் போனில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன்
வேலூர்